பாடகர் பேசுவது பேண்டுக்கு மட்டும் கேட்பது எப்படி? காலடியில் இருக்கும் பெட்டியின் ரகசியம்

கச்சேரி நடுவே பாடகர் மைக்கில், "மானிட்டர்ல சவுண்ட் ஏத்துங்க" என்கிறார். இசைக்குழுவுக்குக் கேட்கிறது, ரசிகர்களுக்குக் கேட்கவில்லை. காரணம், அவர் காலடியில் இருக்கும் ஃபுட்சுவிட்ச் பெட்டி. ஒரு மிதி மிதித்தால் மைக் சிக்னல் மெயின் ஸ்பீக்கரை விட்டு டாக்பேக் லைனுக்கு மாறிவிடும்.

ஒரு வயரை மாற்றினால் போதாதா?

போதாது. மைக் கேபிளின் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 3 பின்கள் உண்டு. முதல் பின் கிரவுண்ட். 2, 3-வது பின்களில் ஒரே சிக்னல் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். ஒரு வயரை மட்டும் மாற்றினால் இந்தப் பாதுகாப்பு போச்சு.

அதனால் இரண்டு வயரையும் சேர்த்து மாற்றும் டி.பி.டி.டி. சுவிட்ச் வேண்டும். கிரவுண்டை சுவிட்சில் துண்டிக்காமல் நேராக இணைக்க வேண்டும்.

எதில் கவனம்?

கன்டென்சர் மைக்குக்காக மிக்ஸர் அதே வயர்களில் 48 வோல்ட் அனுப்பும். அது ஆனில் இருக்கும்போது மிதித்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று பெரிய சத்தம் வரும். இந்தப் பெட்டிக்கு அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்தான் நல்லது.

எந்த லைன் ஆனில் இருக்கிறது என்று காட்ட எல்.இ.டி. விளக்கும் அவசியம். அதற்கு 3 ஜோடி மாற்றும் சுவிட்ச் தேவை. விளக்கு இல்லையென்றால், டிரம்மருக்குச் சொன்ன திட்டு அரங்கம் முழுக்கக் கேட்டுவிடும்!