மூளைக்கு வலிக்காது, தெரியுமா?

வலியை உணரும் நரம்பு நுனிகள் மூளைக்குள் கிடையாது, தெரியுமா? அதனால்தான் நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் சத்திரசிகிச்சை செய்ய முடிகிறது! அப்படியென்றால் அம்மம்மா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாவே, அந்தத் தலையிடி எங்கிருந்து வருகிறது? மூளையைச் சுற்றிய உறை, இரத்தக் குழாய், கழுத்து, கண், பல்... எங்கிருந்தும் வரலாம்!

50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலையிடியை வைத்தியர்கள் லேசில் விடமாட்டார்கள். சீப்புப் பட்டால் மண்டைத்தோல் நோகுதா, சோற்றை மெல்லும்போது தாடை நோகுதா என்று கேட்பார்கள். கன்னப்பொட்டு நாடியில் அழற்சி என்றால் திடீரென்று பார்வையே போய்விடலாம்! எங்கள் ஆட்களுக்கு இது அரிது. ஆனாலும் ஒரு இரத்தப் பரிசோதனையே துப்புக் கொடுக்கும்; உடனே ஸ்டீரொய்ட் தொடங்கினால் கண்ணைக் காப்பாற்றலாம்.

ஒவ்வொரு இரவும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு ஆளை எழுப்பும் தலையிடியும் உண்டு! 1988இல்தான் மருத்துவ உலகம் அதை அடையாளம் கண்டது. படுக்குமுன் குடிக்கும் கோப்பி சிலருக்கு அதற்கு மருந்து! மாதத்தில் 15 நாளுக்குமேல் பனடோல் போட்டு, அப்படியே மூன்று மாதம் போனால், அந்தப் பனடோலே தலையிடியைக் கொண்டுவரலாம்!

வாசல் நிலையில் லேசாக இடித்த தலை, சில கிழமை கழித்து இடிக்கத் தொடங்கலாம். வயதுபோகப் போக மூளை சுருங்கும். மெல்லிய நாளங்கள் இழுபட்டுக் கசியும். மறதி, தள்ளாட்டம் என்று வந்தால் "வயசுதானே" என்று விடாதீர்கள். சி.ரி. ஸ்கானில் தெரியும், மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்துவிடலாம்!

போர் விட்ட மனவடு தலையிடியாகவும் வரும். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் அதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் மற்றக் காரணங்களைத் தேடிப் பார்க்காமல் "கவலைதான்" என்று முடிவுகட்டுவது அநியாயம்.

போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலுக்கே உரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2009 மே வரை விழுந்த ஷெல்களின் துண்டுகளை எடுக்க முடியாமல் இன்னமும் உடலில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கலாமா? எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது! கண்ணுக்கோ மூளைக்கோ அருகில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து பெரும் சேதம் செய்துவிடலாம். எக்ஸ்ரே, சி.ரி. எடுப்பதில் அந்தப் பயமில்லை.

திடீரென்று மண்டை பிளக்கிற இடி, வாய்குளறல், பார்வை மங்கல் என்றால் உடனே 1990க்கு அடியுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எம்.ஆர்.ஐ.க்கு எழுதித் தந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், "அம்மம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஷெல் பீஸ் இருக்கு" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.