ஒரு துளி தண்ணீர் போதும்!

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? எதிரே வங்கக் கடல். அக்கம்பக்கத்தில் மரக்காணத்து உப்பளங்கள். வெயில் ஏறினால் குவித்து வைத்த உப்பு கண்ணைக் கூசும். காற்றிலே உப்பு, மணலிலே உப்பு, கதவுத் தாழ்ப்பாளில்கூட உப்பு!

அந்த ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அலுமினியத்தை உருக்கி வார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். "நெருப்பு, ஜாக்கிரதை!" என்று வீட்டில் எச்சரிப்பார்கள். அது சரிதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் முதல் எதிரி நெருப்பு அல்ல, தண்ணீர்! ஆச்சரியமாக இருக்கிறதா? மேலே படியுங்கள்.

விறகுக் கொட்டகையில் பிறந்த அதிசயம்

ஒரு காலத்தில் அலுமினியம் கிட்டத்தட்ட வெள்ளி விலை விற்றது. அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு 1884-ல் ஒரு சிறு கூம்பு வார்த்தார்கள். அது அலுமினியத்தில் செய்தது. எடை சுமார் 2.8 கிலோ. தூணின் மேல் ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் ஒரு நகைக் கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886-ல் சார்லஸ் ஹால் என்ற 22 வயது இளைஞர், ஓஹையோ மாநிலத்தில் தம் வீட்டு விறகுக் கொட்டகையில், மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் பிரான்ஸில் எரூ என்ற இளைஞரும் அதையே கண்டுபிடித்தார். விலை சரிந்தது. நம் சென்னைக்கும் அலுமினியம் வந்து சேர்ந்தது. 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், சென்னை ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். இன்று கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அந்தப் பள்ளிதான். தொழில் நன்றாக வேரூன்றியதும், 1903-ல் அது ஒரு கம்பெனியின் கைக்கு மாறியது.

அன்று அரசாங்கம் தொடங்கி வைத்த வேலையை இன்று கொல்லையில் செய்யலாம். ஈயம் 327 டிகிரியில் உருகும். வலைக்கு ஈயக் குண்டு கட்டும் மீனவர்களுக்கு அது பழகிய சங்கதி. அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும். களிமண் பூசிய இரும்பு வாளி, அடியில் காற்றுக்கு ஒரு துவாரம், சவுக்குக் கரி, ஒரு துருத்தி – அந்தச் சூடு வந்துவிடும். உருக்குவதற்குத் தட்டான் பட்டறையில் இருப்பதுபோல் ஒரு மூசை. அது கிராபைட் மூசையாக இருப்பது நல்லது. இரும்பு டப்பாவை உருகிய அலுமினியம் சிறிது சிறிதாகத் தின்று, ஒரு நாள் ஓட்டையாக்கிவிடும்!

எதை உருக்குவது? பழைய சோற்றுப் பானையைவிட, பழுதான என்ஜினின் பிஸ்டன் மேல். பிஸ்டனில் சிலிக்கான் கலந்திருப்பதால் குழம்பு தண்ணீராக ஓடி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும்.

உப்பும் உதவும், உபத்திரவமும் செய்யும்

உருகிய அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஏடு படரும். அந்த ஏட்டைப் பிரிக்கப் பட்டறைகளில் எதைத் தூவுகிறார்கள் தெரியுமா? உப்பைத்தான்! சோற்றுப்பு மட்டும் உருக 801 டிகிரி வேண்டும். அதனுடன் சுத்தமான பொட்டாசியம் குளோரைடைக் கலந்தால், அலுமினியம் உருகும் சூட்டிலேயே கலவையும் உருகி, போர்வைபோல் மூடிக்கொள்ளும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வெடியுப்பைப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து!

இங்கேதான் நம் எதிரி எட்டிப் பார்க்கிறான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பளத்து உப்பிலுள்ள மக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தோடு உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? ஒரு படி தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 படி இடத்தை அடைக்கும். குழம்புக்கு அடியில் அகப்பட்ட ஒரு துளி, கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகி, உருகிய உலோகத்தை உங்கள் முகத்தில் வாரி இறைத்துவிடும்!

ஆகவே ஒத்தடத்துக்கு வறுப்பதுபோல உப்பை நன்றாக வறுத்து, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்துங்கள். கடற்காற்றில் கிடந்த பிஸ்டனை அப்படியே மூசைக்குள் போடாதீர்கள்; அடுப்பின் விளிம்பில் வைத்துச் சூடேற்றிய பிறகு போடுங்கள். கரண்டியும் இடுக்கியும்கூடக் காய்ந்திருக்க வேண்டும். துருவுக்குள்ளும் ஈரம் ஒளிந்திருக்கும். சிமெண்டுத் தரையில் வேலை கூடாது. குழம்பு சிந்தினால் தரைக்குள் இருக்கும் ஈரம் வெடித்துச் சிதறும். காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். சிந்தியதை அணைக்க மறந்தும் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணலைப் போடுங்கள்.

இன்னொரு சூதும் உண்டு. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டி எச்சரிக்கும். பகல் வெளிச்சத்தில் அலுமினியமோ பாதரசம் மாதிரி பளபளவென்று சாதுவாக நிற்கும்! தோல் செருப்பும் போதாது. தோல் பூட்ஸ், கனத்த பருத்தி உடை, முகத்துக்கு மறைப்பு மூன்றும் வேண்டும். குழந்தைகளைக் கிட்டேயே விடாதீர்கள்.

ஈரமான அச்சா?

"வார்ப்பு மணலை ஈரமாகத்தானே பிசைகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அதில் இருப்பது மிகக் கொஞ்சம் ஈரம். மணலின் இடுக்கு வழியே அது ஆவியாகப் போய்விடும். களிமண் கலந்த மணலைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். உடைத்தால் சுத்தமாக இரண்டாக வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. சைக்கிள் ஆரக் கம்பியால் ஆங்காங்கே குத்தி ஆவிக்கு வழிவிடுங்கள். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் அலசி, உப்பையும் கிளிஞ்சலையும் நீக்கி, உலர்த்திச் சலித்த பிறகே தொடுங்கள்.

ஈரம் மிஞ்சினால் ஆள் தப்பினாலும் வேலை தப்பாது. உருகிய அலுமினியம் ஆவியிலுள்ள ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். இறுகும்போது அதை வெளியே தள்ளும். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசித் துவாரங்கள்!

அதனால்தான் சொல்கிறேன்: கதவுக்குக் கைப்பிடி வாருங்கள், படகுக்குப் பெயர் எழுத்து வாருங்கள். ஆனால் படகின் விசிறியை வார்த்து மாட்டாதீர்கள். வெளியே வழவழவென்று இருப்பது நடுக்கடலில் இரண்டாகப் பிளந்தால், திரும்பி வருவது எப்படி? என்ன கலந்திருக்கிறதோ தெரியாத பழைய உலோகத்தில் சமையல் பாத்திரமும் வேண்டாம்.

கடற்கரைக்காரர்களுக்குத் தண்ணீர்தான் பிழைப்பு. ஆனால் இந்த ஒரு வேலையின்போது மட்டும், அதை வாசலோடு நிறுத்திவிடுங்கள்!