பொடியின் மூலக்கூறு மாறினால் உடலில் என்ன ஆகும்?

கோவையில் மெத்தபெட்டமினோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. அதே குடும்பத்தில் கவலை தரும் இன்னொரு கிளை, மூலக்கூறை லேசாக மாற்றிச் செய்யும் ஊக்கப் போதைகள். காட் செடியின் இலையிலுள்ள கத்தினோனைத் தழுவிய மெபட்ரோன் அவற்றில் ஒன்று. மூளை நரம்புகள் தாம் வெளியிட்ட டோபமைன், நார்அட்ரினலின், செரோட்டோனின் என்ற ரசாயனங்களைச் சில புரதங்கள் வழியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெபட்ரோன் அந்தப் புரதங்களைப் பின்னோக்கி இயக்கிவிடுகிறது. அந்த ரசாயனங்கள் வெளியே கொட்ட, இதயம் படபடக்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, உடல் சூடேறுகிறது. சூடு கட்டுமீறினால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். களிப்போ சீக்கிரமே வடிவதால், மறுபடி எடுக்கக் கை நீள்கிறது.

ஏமனில் தலைமுறைகளாகக் காட் இலையை மெல்கிறார்களே என்று கேட்கலாம். மெல்லும்போது மருந்து மெதுவாகத்தான் இறங்கும். பொடியாக எடுக்கும் மெபட்ரோனுக்கு அந்த நிதானம் இல்லை. சட்டத் தடைதானே புதுச்சரக்கைப் பிறப்பிக்கிறது என்ற வாதம் இன்னும் வலுவானது, அதில் உண்மையும் உண்டு. 2010 ஏப்ரலில் பிரிட்டன் மெபட்ரோனைத் தடைசெய்ததும் நாஃபைரோன் என்ற மாற்றுச் சரக்கு வந்தது. பல மடங்கு வீரியமான அதையும் ஜூலையில் தடைசெய்தார்கள். இந்தியா 2015இல் மெபட்ரோனைப் போதைப்பொருள் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் தடையை விலக்கினாலும் பொடியின் நஞ்சு குறையாது. சட்டத்தைத் தாண்டவே உருமாற்றிய மூலக்கூறை யாரும் முறையாகச் சோதித்ததில்லை. வாங்குகிற மாணவனே சோதனை எலி. இந்தப் பொடிகளின் நஞ்சுக்கென்று முறிமருந்தும் கிடையாது. உடலைக் குளிர்வித்து, பதற்றத்தைத் தணிப்பதே சிகிச்சை. அதனால் உடல் கொதித்து, உளறி, நெஞ்சு வலிக்கும் பிள்ளையைத் திட்டிக்கொண்டு நிற்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.