வெள்ளத்துக்கு முன்பே சேர்க்க வேண்டிய தண்ணீர்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தஞ்சமடைந்தார்கள். அப்படியான வெள்ளத்தில் முதலில் கெடுவது குடிநீர். மலசலகூடக் குழியும் வயலில் அடித்த மருந்தும் வெள்ளத்தோடு கலந்து, கட்டுத் தாழ்ந்த கிணறுகளுக்குள் இறங்கிவிடும். வீதி அறுந்தால் பவுசரும் வராது.

வன்னியில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் பலருக்கும் ஆவணி, புரட்டாதியில் வற்றும் கிணறுதான் நினைவுக்கு வரும். மாரியும் அதே அளவு ஆபத்தானது என்பதை நாம் இன்னும் போதிய அளவு உணரவில்லை. குடிநீரைக் கெடுப்பது மழை மட்டுமல்ல: 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. போரின் இறுதிக் கட்டத்தில் தகர்க்கப்பட்ட கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி, ஏ-9 வீதியோரம் பல ஆண்டுகள் விழுந்தபடியே கிடந்தது. ஊருக்கெல்லாம் ஒரே தாங்கி என்றால் என்ன நடக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆகவே வீட்டுக்குள் எவ்வளவு வேண்டும்? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர். கழுவல், குளிப்பையும் சேர்த்தால் குறைந்தது 15 லீற்றர் என்பது நிவாரணப் பணிகளில் உலகெங்கும் வைக்கும் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்குக் குடிநீர் மட்டும் 45 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் மூன்று இருந்தால் போதும். மற்றத் தேவைகளுக்கு ஒரு பரல். கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் கூடுதலாக வையுங்கள். கானை உயரத்தில் வைத்து இறுக மூட வேண்டும். திறந்த பரலில் டெங்கு நுளம்பு முட்டையிடும். களைகொல்லி, பூச்சிமருந்து வந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் குடிநீருக்கு எடுக்கவே கூடாது. நெல் விளையும் ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

சந்தேகமான தண்ணீரை நன்கு கொதிக்கவிட்டு ஆற்றினால் கிருமி சாகும். உப்பும் புளோரைட்டும் போகா. சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாக் கிராமங்களில் இதை மறக்கக் கூடாது. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலில் குளோரின் இட்ட பிறகே அதில் குடிக்கலாம்.

நீண்ட காலத்துக்கு உகந்தது கூரை மழைதான். 50 சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், வீணாவதைக் கழித்தாலும் ஏறக்குறைய 4,000 லீற்றர் பீலி வழியே இறங்கும். முதல் மழையில் கூரை கழுவப்பட விட்டு, பிறகு தாங்கிக்குத் திருப்பலாம். 5,000 லீற்றர்ச் சீமெந்துத் தாங்கி நிரம்பினால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுக்கும் ஐந்து பேருக்குப் பதினொரு மாதம் வரை காணும். போருக்குப் பின் உதவித் திட்டங்களில் வன்னியில் இப்படித் தாங்கிகள் கட்டிக்கொடுக்கப்பட்டன.

ஆனால் தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பத்திடம் பீலியும் இல்லை, தாங்கி கட்டக் காசும் இல்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் அவர்களுக்கு மூடியுள்ள மூன்று கான்களையாவது கொடுப்பது பிரதேச சபைகளால் முடியாத செலவல்ல.