சங்கக் கணினிக்குக் காவல்: போட்டியால் ஒரு பயிற்சி

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைத்து, அவற்றை இருவர் பொறுப்பில் விடுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் புதுவை நகரில் நாம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மேசைக் கண்ணாடியின் கீழே எழுதி வைக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "எல்லோரும் நம்மவர்கள்தாமே" என்றார் எழுத்தர்.

சங்கத்தார் நம்மவர்களே, ஆனால் கணினி வழியே வரும் கள்வன் எத்தேசத்தவன் என்று யார் அறிவார்? புனே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிகளில் 2018 ஆகஸ்டு மாதம் தீய நிரல்களைப் புகுத்தியவர்கள், போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுத்தனர். பணம் கொடுக்கலாமா என்று இயந்திரம் கேட்ட கேள்வி வங்கியின் கணக்கை எட்டவேயில்லை. நடுவழியில் கள்வர் அமைத்த போலி ஏற்பாடே "கொடுக்கலாம்" என்று விடையளித்தது. வேறு வழிகளிலும் எடுத்ததைச் சேர்த்து, மூன்றே நாட்களில் போனது சுமார் 94 கோடி ரூபாய்.

இத்தகைய விஷயங்களைச் சொற்பொழிவால் கற்பித்துவிட இயலாதென்பது நம் கருத்து. நாமே நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அங்கத்தினர் பலர் கண்ணயர்ந்ததைக் கண்டிருக்கிறோம். கல்லூரிகளில் வேறொரு முறை கையாளப்படுகிறது. 'கொடியைக் கைப்பற்றுதல்' என்னும் போட்டி அது. ஒரு கணினியில் வேண்டுமென்றே குறையொன்றை விட்டு, உள்ளே 'கொடி' எனப்படும் இரகசியத் தொடரை மறைத்து வைப்பர்; குறையைக் கண்டுபிடித்து அதனை எடுப்போருக்கு மதிப்பெண். மற்றொரு வகையில், ஒவ்வொரு குழுவும் தன் கணினியைக் காத்துக்கொண்டே பிறர் கணினியைத் தாக்க வேண்டும். அமெரிக்காவின் டெஃப்கான் மாநாட்டில் 1996 முதல் இது நடைபெறுகிறது. நம் நாட்டில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் கேரளத்து அமிர்தபுரியில் 'இன்சிடிஎஃப்' என்ற பெயரில் இதனைத் தொடங்கினர். அதில் போட்டிக்கு முன்பே கற்கும் சுற்று ஒன்றும் உண்டு. மாணவர் தத்தம் ஊரிலிருந்தே பயிலலாம்.

முத்தியாலுப்பேட்டையில் தறியை விட்டெழ இயலாத நெசவாளிக்கும், அறுவடைக் காலத்து உழவருக்கும் ஏற்றது, ஓய்வான வேளையில் பயிலும் இந்த ஏற்பாடே. பாடங்களைக் கைப்பேசியில் முன்னதாக அனுப்பிவிட்டு, நவம்பர் 14 முதல் 20 வரையிலான கூட்டுறவு வாரத்தில் சங்கங்களுக்கிடையே போட்டி வைக்கலாம். ஐந்து குறுஞ்செய்திகளில் பொய்யானவை எவை? பணம் பறிபோனால் உடனே அழைக்கும் எண் யாது? (1930.) தாக்கிப் பார்ப்பது பயிற்சிக்கென ஒதுக்கிய கணினியை மட்டுமே, பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்.

மேசைக் கண்ணாடியின் கீழிருந்த தாளைப் போன்ற ஒன்றை முதற் கேள்வியாக வைக்க எண்ணியிருக்கிறோம்.