கமலா கான் யார் வீட்டுப் பெண்?

வயசு பதினாறு. அப்பாவுக்கு பேங்க் வேலை. மகள் டாக்டராக வேண்டும் என்பது அவர் கனவு. மகள் எந்தப் பையனோடு பேசினாலும் அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அண்ணன் சதா நேரமும் தொழுகை. தொழுவது சரிப்பா, நடுவில் ஒரு வேலையும் தேடக் கூடாதா என்பது அப்பாவின் புலம்பல். பேங்க் சம்பளம் என்றால் வட்டிப் பணமாச்சே என்பது பிள்ளையின் பதில்!

ராத்திரி பார்ட்டிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடை. பெண் நைஸாக நழுவிப் போகிறாள். திரும்பி வரும்போது ஊரெல்லாம் மர்மப் புகை. மயங்கி விழுந்து எழுந்தால்... கை பனைமரம் மாதிரி நீள்கிறது!

இதுதான் 2014 பிப்ரவரியில் மார்வெல் கம்பெனி வெளியிட்ட 'மிஸ் மார்வெல்' காமிக்ஸின் ஆரம்பம். நாயகி கமலா கான். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிவாசி, பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பம். கமலா என்றதும் தாமரையைத் தேடாதீர்கள். இது 'கமால்' வழி வந்த பெயர். அரபியில் பூரணம், உருதுவில் அற்புதம். அதாவது, மார்வெல்!

மார்வெலில் முஸ்லிம் பாத்திரங்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆப்கானிஸ்தான் பெண் 'டஸ்ட்' 2002லேயே வந்துவிட்டாள். ஆனால் அவள் கூட்டத்தில் ஒருத்தி. தனி டைட்டிலில் கதாநாயகியாக வந்த முதல் முஸ்லிம் கமலாதான்.

யோசனை பிறந்தது ஆபீஸ் அரட்டையில். எடிட்டர் சனா அமனாத், பாகிஸ்தான் வம்சாவளி. நியூஜெர்சியில் முஸ்லிம் பெண்ணாக வளர்ந்த கதைகளை இன்னொரு எடிட்டர் ஸ்டீபன் வாக்கரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க, இதையே காமிக்ஸாக்கினால் என்ன என்று பொறி தட்டியது. எழுத வந்தவர் ஜி.வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. படம் போட்டவர் ஏட்ரியன் அல்ஃபோனா.

2013 நவம்பரில் அறிவிப்பு வந்ததுதான் தாமதம். ஒரு பக்கம்கூடப் படிக்காமலே வாசகர்கள் கட்சி பிரிந்துவிட்டார்கள்.

முதல் கட்சி: இதென்ன, சூப்பர் ஹீரோ உத்தியோகத்திலும் கோட்டாவா? இஸ்லாத்தைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறார்கள், கதை இருக்காது.

இரண்டாம் கட்சி: முஸ்லிம் பெண் என்கிறீர்கள், தலையில் முக்காடு எங்கே? முதல் பக்கத்திலேயே பன்றிக்கறி சாண்ட்விச்சை மோந்து பார்த்து ஏங்குகிறாளே! பெற்றோருக்குத் தெரியாமல் பார்ட்டிக்கு வேறு போகிறாள். எங்கள் பெண்கள் இப்படியா?

மூன்றாம் கட்சி: அதெப்படி, முஸ்லிம் வீடு என்றாலே கண்டிப்பான அப்பா, அம்மா, மதப்பற்று மிகுந்த அண்ணன்? பழைய அச்சில் வார்த்த பொம்மைதானே இதுவும்?

இரண்டு தரப்பிலிருந்தும் அடி விழும் என்பது வில்சனுக்கு முன்பே தெரியும். முஸ்லிம்களைப் பிடிக்காதவர்களும் திட்டுவார்கள், முஸ்லிம் பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறவர்களும் திட்டுவார்கள் என்று அறிவிப்பின்போதே சொல்லிவிட்டார்.

இதழ் கைக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஸ்டாக் தீர்ந்து முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். முதல் தொகுப்புக்கு 2015ல் ஹியூகோ விருது. காரணம், கதையில் இருந்த நுணுக்கம். கமலா முக்காடு போடுவதில்லை. தோழி நக்கியா போடுகிறாள். அப்பா கட்டாயப்படுத்தினாரா என்றால், எடுத்துவிடு என்பதுதான் அப்பாவின் விருப்பமாம்! பெற்றோர் கமலாவை மசூதி ஷேக்கிடம் அனுப்புகிறார்கள். பிரம்படி உபதேசம் வரும் என்று அவளும் எதிர்பார்க்கிறாள், நாமும் எதிர்பார்க்கிறோம். அவரோ, செய்யத்தான் போகிறாய் என்றால் நேர்மையாகச் செய், நல்ல குருவைத் தேடிக்கொள் என்கிறார்.

இன்னொரு இடம். சக்தி வந்ததும் கமலா என்னவாக மாறுகிறாள் தெரியுமோ? பொன்னிற முடி, வெள்ளைத் தோல், குட்டையான உடை. அவள் தெய்வமாகக் கொண்டாடும் கேப்டன் மார்வெலின் அச்சு அசல். ஆசைப்பட்ட உருவம் கிடைத்தால் ஆனந்தம் வரணுமே? வரவில்லை. பூட்ஸ் கடிக்கிறது, உடை உறுத்துகிறது. பிறகு நீச்சலுக்கான 'புர்கினி'யை மாற்றித் தைத்து, சொந்த முகத்தோடு கிளம்புகிறாள். வேற்று ஊரில் வேற்றுப் பெயரோடு வளர்ந்த எத்தனையோ பேர், முஸ்லிம் அல்லாதவர்கள்கூட, இது என் கதை என்று சொன்னது இந்த இடத்துக்காகத்தான்.

2015ல் சான்ஃபிரான்சிஸ்கோ பஸ்களில் முஸ்லிம்களைத் தாக்கும் விளம்பரங்கள் ஓடின. யாரோ அவற்றின் மேல் கமலா படத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காகிதத்துப் பெண் தெருவில் இறங்கிவிட்டாள்!

எதிர்ப்பும் ஓயவில்லை. பலதரப்பட்ட நாயகர்களை வாசகர்கள் விரும்பவில்லை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள் என 2017ல் மார்வெல் விற்பனை அதிகாரி ஒருவர் வாய் திறக்க, பெரிய களேபரம். ஆனால் கமலாவுக்குக் கடைகளில் ஆதரவு உண்டு என்று கம்பெனியே பின்பாட்டுப் பாட வேண்டியதாயிற்று. 2022ல் டிஸ்னி பிளஸ் தொடராக வந்தபோது, நீளும் கையை ஏன் ஒளிக் கையாக மாற்றினீர்கள் என்று பழைய வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1947 பிரிவினையில் கராச்சி ரயிலைக் காட்டியதற்கு வேறு சிலர் கண்கலங்கினார்கள். கமலாவாக நடித்த இமான் வெல்லானி, கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர்.

ஒரு விஷயம் யோசியுங்கள் சார். ஸ்பைடர்மேன் அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு ஜன்னல் ஏறிக் குதிக்கிறான். கிறிஸ்தவப் பையன்கள் இப்படியா என்று யாராவது கேட்டோமா? அவன் அவனுக்கு மட்டும் கணக்குச் சொன்னால் போதும். கமலா தலையில் மட்டும் ஒரு சமூகத்தின் மொத்த பேலன்ஸ் ஷீட்! பதினாறு வயசுப் பெண் எத்தனை பேருக்குத்தான் ஆடிட் காட்டுவாள்? கை நீளலாம், தோள் தாங்க வேண்டாமா?

2023 மே மாதம் அவளைக் கொன்றே விட்டார்கள். அதுவும் ஸ்பைடர்மேன் இதழில். மேரி ஜேனைக் காப்பாற்ற அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பதிலாகக் கத்திக்குத்து வாங்கிச் செத்தாள். வாசகர்கள் கொதித்தார்கள். முக்காடு பற்றி அல்ல, மதம் பற்றி அல்ல. எங்கள் பெண்ணைக் கொல்வதென்றால் அவள் கதையில் கொல்ல வேண்டியதுதானே, அடுத்தவன் கதையில் விருந்தாளியாகவா சாகடிப்பது என்று!

பத்து வருஷம் முன்பு, இவள் எதற்கு என்று கேட்ட அதே காமிக்ஸ் உலகம்.

கவலை வேண்டாம், இரண்டே மாதத்தில் உயிரோடு திரும்பிவிட்டாள். காமிக்ஸில் எமனுக்கு எப்போதுமே டெம்பரரி போஸ்ட்டிங்தான்!