கீரைக்காரம்மா வராத நாட்கள்

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் காலை ஏழு மணி என்றால் "கீரேய்..." என்ற குரல் வந்துவிடும். திருநின்றவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மின்சார ரயிலில் கூடையோடு வந்து, திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும் அம்மா அவர். பத்து ரூபாய்க் கட்டை எட்டு ரூபாய்க்குக் கேட்டு நான் மல்லுக்கு நிற்காத நாளே கிடையாது. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தது. ரயில், பஸ் எல்லாம் நின்றன. அந்தக் குரலும் நின்றுபோயிற்று. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்றதும் முதல் நாளே கோயம்பேட்டில் கூட்டம் முட்டி மோதியதும், அங்கே தொற்று பரவி மே 5-ல் மார்க்கெட்டையே மூடியதும் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் வற்றல் குழம்பும் அப்பளமுமாக ஓடிற்று. காய் கிடைக்கவில்லையே என்று புலம்பினேனே தவிர, காயைக் கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மே மாதக் கடைசியில் அவரே போன் செய்தார். "கீரை வேணுமாம்மா? இங்க மாட்டுக்கு அறுத்துப் போடறேன்" என்றார்.

அரை ஏக்கர் நிலம், அதுவும் குத்தகை. சிறுகீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பறித்தாக வேண்டும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கிற சரக்கா அது? நாலு நாள் விட்டால் தண்டு முற்றிப் பூத்துவிடும். "திருமழிசையில் புதுச் சந்தை போட்டிருக்கிறார்களே, உங்களுக்குக் கிட்டத்தானே?" என்றேன். "அது லாரி லோடு வர்ற எடம்மா. என் நாப்பது கட்டை யார் பாப்பாங்க?" என்றார்.

ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் தருகிறதே, அது கிடைக்கவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்தப் பணம். பாடுபடுகிற குத்தகைக்காரருக்கு இல்லை. இது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. கம்மலை அடகு வைத்துக் குத்தகை கட்டியிருக்கிறார்.

ஆனால் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. முற்றிப்போன தண்டுக்கீரையை அப்படியே விட்டு விதை எடுத்தார். அடுத்த விதைப்புக்கு விதைச் செலவு மிச்சம். பாதி நிலத்தில் பரங்கியும் பூசணியும் போட்டார். முற்றிய காயைப் பறித்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது அல்லவா?

எங்கள் குடியிருப்பில் பதினான்கு வீடுகள். எல்லோரிடமும் பேசினேன். வாரம் இரண்டு நாள், கட்டு பதினைந்து ரூபாய், மாதப் பணம் முன்னதாகவே. காய்கறி வண்டிகளுக்குத் தடை இல்லாததால், அக்கம்பக்கத்து விவசாயிகள் மூன்று பேரோடு டீசல் செலவைப் பங்கு போட்டு ஒரு குட்டி யானையில் சரக்கு அனுப்பினார். முன்பணத்தைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது வேறு. "எத்தினி கட்டுன்னு மின்னாடியே தெரிஞ்சா அத்தினி பாத்திதான் வெதைப்பேன்" என்றார். வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்ததில் வீணாவது நின்றது.

(எதிர்வீட்டுப் பெண் பயத்தில் கீரையைச் சோப்புத் தண்ணீரில் அலசினாள்! வேண்டவே வேண்டாம், சகோதரிகளே. நல்ல தண்ணீரில் மண் போக நாலு தரம் அலசினால் போதும்.)

நவம்பர் 23-ம் தேதி முதல் நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்கள் ரயிலில் போகலாம் என்றார்கள். பழையபடி கூடையோடு வந்தார், ஏழு மணிக்கு அல்ல, பதினொன்றுக்கு. அதற்குள் கடைகள் திறந்துவிட்டன, செல்போனில் சொன்னால் வீட்டுக்கே காய் வருகிறது. பதினான்கு வீடு ஒன்பதாகி, இன்று ஐந்தில் நிற்கிறது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவருக்கு அவரவர் சௌகரியம்.

கம்மலை 2021 பொங்கலுக்கு முன் மீட்டுவிட்டார். வட்டி எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். "அது கெடக்குதும்மா, அரைக்கீரை ரெண்டா, மூணா?" என்றார். மூன்று வாங்கிக்கொண்டேன்.